கோட்டை கட்டிய கல்தச்சர் ஜேம்ஸ்

பெருங்கட்டடம் ஒன்றைக் காணுங்கால், அதனைக் கட்டுவித்த மன்னன் யாவன் என்று வினவுதல் உலக வழக்கு. அதற்குத் திட்டம் வகுத்தவர் யார், அவர் எவ்வூரினின்றும் வந்தவர், அவர்கீழ் உழைத்தவர்க்குக் கூலி தவறாது கிடைத்ததா என்று வினவுவோர் மிகச் சிலரே. விழா மலர்களில் அரசர், புலவர், தலைவர் ஆகியோர் வரலாறுகள் இடம்பெறுதல் மரபு. இம்முறை நாம், கல்லோடும் சுண்ணாம்போடும் கணக்கேடுகளோடும் தம் வாழ்நாளைக் கழித்த ஒரு தலைமைக் கல்தச்சரின் வரலாற்றைக் கூற விழைகின்றோம். அவர் பெயர் செயின்ட் ஜார்ஜ் ஜேம்ஸ். அவர் மறைந்து எழுநூறு ஆண்டுகட்கு மேலாயின. தொழில் பயின்றது ஆல்ப்ஸ் மலைச்சாரலில். புகழ் பெற்றது வேல்ஸ் நாட்டில். பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்து, பிற மொழி பேசுவாரிடையே குடும்பம் நடத்தும் நமக்கு அவர் முற்றிலும் அயலார் ஆகார்.

வேல்ஸ் நாடு

பிரிட்டன் தீவின் மேற்குப் புறத்தில், மலையும் கடலும் காவல் செய்ய அமைந்த சிறு நாடு வேல்ஸ். அங்குள்ள மக்களின் தாய்மொழி ஆங்கிலத்தோடு நெருங்கிய உறவில்லாத தொன்மையான கெல்டிய மொழி. பாணரைப் போற்றுதலும் பாடலைப் பேணுதலும் அம்மக்களின் இயல்பு. 13-ஆம் நூற்றாண்டில் அந்நாட்டின் வடபகுதியை லிவெலின் அப் குருஃபித் என்னும் இளவரசன் ஆண்டு வந்தான். இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்டுக்கும் அவனுக்கும் 1277-இல் போர் மூண்டது. அதில் லிவெலின் தன் நாட்டின் பெரும்பகுதியை இழந்தான். 1282-இல் மீண்டும் போர் எழுந்தது. அவ்வாண்டு டிசம்பர் 11-ஆம் நாள் லிவெலின் களத்தில் மடிந்தான். அவன் தம்பி தாஃபித் 1283-இல் பிடிபட்டுக் கொடுந்தண்டனைக்கு உள்ளாகி மாண்டான். வேல்ஸின் உரிமை வாழ்வு அத்துடன் முடிவுற்றது.

வென்ற நாட்டைக் கைவிடாது பிடித்து வைக்க எட்வர்டு மன்னன் கண்ட வழி, கடற்கரையோரமாகக் கோட்டைகளை வரிசையாக எழுப்புதல். மலைவழிகளில் வேல்ஸ் வீரர் மறித்து நிற்பினும், கடல் வழியே கப்பலில் உணவும் படையும் கொணரலாம் என்பது அவன் கணக்கு. இத்தகைய பெரும்பணிக்குத் தக்க ஆள் வேண்டுமே! அந்த ஆளே நம் ஜேம்ஸ்.

தந்தையிடம் பயின்ற தொழில்

ஜேம்ஸ் 1230-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்திருத்தல் வேண்டும் என்பர் அறிஞர். அக்காலத்தில் ஆல்ப்ஸ் மலையின் மேற்குச் சாரலில் சவாய் என்னும் சிற்றரசு இருந்தது. இன்றைய பிரான்சு, சுவிட்சர்லாந்து, இத்தாலி ஆகிய மூன்று நாடுகளிலும் அதன் நிலம் பரந்து கிடந்தது. அவ்வரசின் கணக்குச் சுருள்களில், 1260-களின் தொடக்கத்தில், இவர்டன் என்னும் ஊரின் கோட்டை வேலையில் ஜான் என்னும் தலைமைத் தச்சரும் அவர் மகன் ஜேம்ஸும் பணியாற்றிய செய்தி காணப்படுகின்றது. தந்தையே ஆசானாகவும் இருந்த நிலையில் மகன் தொழிலைக் கற்றான் என்பது இதனால் விளங்கும்.

பின்னர் ஜேம்ஸ், சவாய் மன்னர் பிலிப்பின் பணியில் பல இடங்களில் கோட்டை வேலைகளை மேற்பார்த்தார். அவற்றுள் ஒன்று செயின்ட் ஜார்ஜ் தெஸ்பெரான்ஷ் என்னும் ஊரிலிருந்த கோட்டை அரண்மனை. அவ்வூர்ப் பெயரே பிற்காலத்தில் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அயல்நாட்டில் ஒருவரை அவர் வந்த ஊரின் பெயரால் அடையாளங்காணுதல் எங்கும் உள்ளதே.

பிலிப்பு, எட்வர்டு மன்னனுடைய பாட்டியின் உடன்பிறந்தார். சிலுவைப் போருக்குச் சென்றிருந்த எட்வர்டு, நாடு திரும்பும் வழியில், 1273 சூன் மாதம் அந்தச் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் தங்கினான். அங்குள்ள வேலைத்திறனை அவன் கண்ணுற்றிருப்பான் என்று கருத இடமுண்டு. ஐந்தாண்டுகள் கழித்து, 1278 ஏப்ரலில், ஜேம்ஸ் இங்கிலாந்து மன்னனின் பணியாளராக வேல்ஸுக்கு அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது நாற்பதுகளின் இறுதி. கற்றதை வைத்துக் காலங்கழிக்கலாம் என்று பலர் எண்ணும் வயதில், அவர் மொழியறியாத நாட்டில் புது வாழ்வைத் தொடங்கினார்.

முதற் பணிகள்

அவர் வருமுன்னரே பிளின்ட், ருத்லான் என்னும் இரு கோட்டைகட்கு 1277-இல் கடைக்கால் தோண்டப்பட்டிருந்தது. அப்பணிகளை முறைப்படுத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. ருத்லான் கடலோரத்தில் இல்லை. உள்நாட்டில் க்ளூயித் என்னும் ஆற்றின் கரையில் உள்ளது. அவ்வாறு வளைந்து நெளிந்து ஓடியமையால் கப்பல் ஏறி வருதல் அரிது. ஆகவே இரண்டு மைலுக்கு மேற்பட்ட நீளத்துக்கு ஆற்றையே நேராக வெட்டித் திருப்பினர். கோட்டைக்கு ஏற்ற இடத்தைத் தேடுவதோடு நில்லாது, இடத்தையே கோட்டைக்கு ஏற்றவாறு ஆக்கினர். பொறிகள் இல்லாத காலத்தில் மண்வெட்டியும் கூடையும் கொண்டு செய்த வேலை அது.

இவ்வேலைக்கு ஆட்கள் எங்கிருந்து வந்தனர்? இங்கிலாந்தின் பல மாவட்டங்களிலிருந்தும் மண் வெட்டுவோர், மரந்தச்சர், கல்தச்சர் முதலியோர் அரசாணையால் திரட்டப்பட்டனர். விருப்பம் கேட்டு அழைத்தார் இலர். குடும்பத்தை விட்டு நூறு, இருநூறு மைல் நடந்து வந்தோரே பலர். கோட்டைகளின் அழகை வியக்கும் நாம், அந்நடையையும் மறத்தலாகாது.

ஒரே ஆண்டில் மூன்று கோட்டைகள்

1283-ஆம் ஆண்டு ஜேம்ஸின் வாழ்வில் தலைசிறந்தது. அவ்வாண்டில் கான்வி, கார்நார்வன், ஹார்லெக் என்னும் மூன்று கோட்டைகட்கும் வேலை தொடங்கிற்று. இடையில் உயர்ந்த மலைகள், பாதைகளோ கரடுமுரடு. மூன்றையும் ஒருவரே மேற்பார்த்தல் எவ்வளவு கடினம் என்பதை, ஒரே நேரத்தில் இரண்டு நிலையங்களின் பொறுப்பைச் சுமந்த நம் அன்பர்கள் நன்கறிவர்.

கான்வி ஆற்று முகத்தில், பாறையொன்றின் மீது எட்டுக் கொத்தளங்களோடு எழுந்தது கான்விக் கோட்டை. அதனை ஒட்டி ஒரு நகரும், நகரைச் சுற்றி முக்கால் மைலுக்கு மேல் நீண்ட மதிலும், அம்மதிலில் 21 கொத்தளங்களும் மூன்று வாயில்களும் அமைந்தன. இவையனைத்தும் 1283 முதல் 1287 வரையிலான குறுகிய காலத்தில் பெரும்பாலும் முடிவுற்றன. செலவு ஏறத்தாழ 15,000 பவுன். அவ்விடத்தில் முன்னர்த் துறவியர் மடம் ஒன்று இருந்தது. வேல்ஸ் மக்கள் போற்றிய பேரரசன் லிவெலின் 1240-இல் மறைந்தபோது அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டான். கோட்டைக்கு இடம் வேண்டி அம்மடத்தைச் சில மைல் தொலைவிலுள்ள மேனன் என்னும் ஊருக்கு மாற்றினர். முன்னோரின் கல்லறை மீது பகைவன் மதில் எழுந்தால் அம்மக்களின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்!

கார்நார்வன் கோட்டையோ அரசாட்சியின் தலைமையிடமாகக் கருதி எழுப்பப்பட்டது. ஏனைய கோட்டைகளின் கொத்தளங்கள் வட்டமாக இருக்க, இங்குள்ளவை பல பட்டைகள் கொண்டவை. மதிலில் நிறம் வேறுபட்ட கற்களை வரிவரியாக அடுக்கியுள்ளனர். பழைய கான்ஸ்டான்டிநோபிள் நகர மதில்களை நினைவூட்டும் வகையில் இவ்வாறு செய்தனர் என்று அறிஞர் சிலர் கருதுவர். வேலை நடந்துகொண்டிருந்த போதே, 1284 ஏப்ரல் 25-ஆம் நாள், பின்னாளில் இரண்டாம் எட்வர்டு எனப் பெயர் பெற்ற இளவரசன் அவ்வூரில் பிறந்தான்.

மூன்றாவது ஹார்லெக். கடலை நோக்கி நிற்கும் செங்குத்தான பாறையின் உச்சியில், மதிலுக்குள் மதிலாக அமைந்தது இக்கோட்டை. அதன் வாயில் மாடம் தனக்குத் தானே ஒரு கோட்டை எனலாம். பாறையின் அடியில் அக்காலத்தில் கடல் வந்து மோதிற்று. கப்பலில் வரும் பொருள்களை மேலே கொணரப் பாறையில் படிகள் வெட்டினர். 1286-ஆம் ஆண்டு கோடையில் அங்கு வேலை செய்தோர் கணக்கு இன்றும் கிடைக்கின்றது: கல்தச்சர் 227 பேர், கல்லுடைப்போர் 115 பேர், கொல்லர் 30 பேர், மரந்தச்சர் 22 பேர், பிற கூலியாட்கள் 546 பேர், ஆக 940 பேர். ஏழாண்டுகளில் வேலை முடிந்தது. செலவு 8,000 பவுனுக்குச் சற்று மேல்.

ஊதியமும் உரிமையும்

மன்னன் ஜேம்ஸின் உழைப்பை மதித்தான். 1284-இல், நாளொன்றுக்கு 3 ஷில்லிங் வீதம் வாழ்நாள் முழுதும் அவருக்கு வழங்க ஆணை பிறந்தது. அக்காலத்துத் தேர்ந்த கல்தச்சர் ஒருவரின் நாட்கூலி ஏறத்தாழ 4 அல்லது 5 பென்னி. 3 ஷில்லிங் என்பது 36 பென்னி. எனவே அவர் பெற்றது ஏழெட்டுப் பேர் கூலிக்கு ஒப்பாகும். அதனினும் நம் கருத்தைக் கவர்வது அவ்வாணையின் பிற்பகுதி. ஜேம்ஸுக்குப் பின் அவர் மனைவி அம்புரோசியா உயிர் வாழ்வாராயின், நாளொன்றுக்கு ஒன்றரை ஷில்லிங் வீதம் அவருக்கு வழங்கப்படும் என்பதே அது. குடும்ப ஓய்வூதியம் இக்காலத்துப் புதுமை என எண்ணியிருப்போர் இதனை அறிந்து வியப்பர். இவ்வொரு வரியால்தான் அவ்வம்மையாரின் பெயரும் நமக்குக் கிடைத்தது.

ஹார்லெக்குக்குக் காவற்தலைவராக இருந்தவரும் ஒரு சவாய் நாட்டவரே. பான்வில்லார் ஜான் என்னும் அவர் 1287-இல் இறக்க, அவர் மனைவி ஆக்னஸ் அம்மையார் மூன்றாண்டுக் காலம் கோட்டையின் பொறுப்பை ஏற்று நடத்தினார். அவருக்குப் பின் 1290 முதல் 1293 வரை அப்பதவி ஜேம்ஸிடம் இருந்தது. தாம் கட்டிய கோட்டையில் தாமே தலைவராக அமரும் பேறு தச்சர் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

பியூமாரிஸும் ஊதிய நிலுவையும்

1294-இல் வேல்ஸ் மக்கள் மதோக் அப் லிவெலின் என்பவன் தலைமையில் கிளர்ந்தெழுந்தனர். வரிச்சுமையும் அயலார் அதிகாரமும் பொறுக்க இயலாத நிலையில் எழுந்த கிளர்ச்சி அது. முற்றுப்பெறாத கார்நார்வன் கோட்டை அவர்கள் கைப்பட்டுச் சிதைந்தது. மறு ஆண்டு கிளர்ச்சியை அடக்கிய மன்னன், ஆங்கிள்சித் தீவில் பியூமாரிஸ் என்னும் மற்றொரு கோட்டையைத் தொடங்குமாறு பணித்தான். அதற்காக லான்வேஸ் என்னும் செழிப்பான வணிக ஊரின் மக்களைத் தீவின் மறுகோடிக்கு இடம் பெயர்த்தனர். அவர்கள் குடியேறிய இடம் நியூபரோ எனப்படும் புதிய ஊராயிற்று.

பியூமாரிஸ் சமநிலத்தில் அமைந்தமையால், ஜேம்ஸ் தம் எண்ணம் போலத் திட்டம் வகுக்க முடிந்தது. உள்மதில், அதனைச் சூழ்ந்த வெளிமதில், அதனைச் சூழ்ந்த நீர் அகழி. எப்பக்கம் நோக்கினும் ஒத்த அளவு. கடலிலிருந்து சரக்குக் கப்பல் நேரே வாயிலருகே வந்து நிற்கத் துறையும் உண்டு. திட்டத்தின் செம்மையில் இதனை விஞ்சும் கோட்டை பிரிட்டனில் இல்லை என்பது பலர் முடிபு.

ஆனால் பணம் வரவில்லை. மன்னன் கவனம் ஸ்காட்லாந்துப் போர் மீது திரும்பிவிட்டது. 1296 பிப்ரவரி 27-ஆம் நாள், ஜேம்ஸும் வேலைக் கணக்கரான வின்செஸ்டர் வால்டரும் சேர்ந்து மன்னனின் கருவூல அதிகாரிகட்கு ஒரு முடங்கல் விடுத்தனர். அம்முடங்கல் இன்றும் இருக்கின்றது. நம் போன்ற அலுவலகப் பணியாளர் அதன் செய்தியைப் படிக்குங்கால், எழுநூறு ஆண்டு இடைவெளி மறைந்துவிடும்.

வாரந்தோறும் 250 பவுன் இன்றி வேலை நடவாது என்று அதில் அவர்கள் தெரிவித்தனர். ஏன் இவ்வளவு தொகை என்று மேலிடத்தார் வினவுவர் என்பதை முன்கூட்டியே உணர்ந்து கணக்கையும் வைத்தனர்: கல்தச்சர் 400 பேர், கூலியாட்கள் 2,000 பேர், கல்லுடைப்போர் 200 பேர், கொல்லரும் மரந்தச்சருமாக 30 பேர், சிறு வண்டிகள் 100, பெரு வண்டிகள் 60, கல்லும் நிலக்கரியும் ஏற்றிவரும் படகுகள் 30. ஆட்களுக்குக் கூலி நெடுநாளாக நிலுவையில் உள்ளது; உண்ண வழியில்லாமையால் அவர்களைப் பிடித்து வைப்பது பெரும்பாடாக உள்ளது என்றும் எழுதினர். முடங்கலை முடித்த பின்னும் மனம் ஆறாமல், கடவுளின் பெயரால் பணத்தை விரைந்து அனுப்புமாறும், இல்லையேல் இதுவரை செய்தது அனைத்தும் வீணாகும் என்றும் அடியில் சேர்த்தனர்.

மேலதிகாரியின் அருளையும் கீழே உழைப்போரின் பசியையும் இரு தோளிலும் சுமந்து நடுவில் நிற்பவன் நிலையை இதனினும் தெளிவாகக் காட்டும் ஏடு அரிது. அதே முடங்கலில், வேல்ஸ் மக்களை நம்புதற்கில்லை என்னும் கருத்தும் இடம்பெற்றுள்ளது. தம் கூலியாட்களின் பசியை உணர்ந்த அவர்கள், வீடிழந்த வேல்ஸ் மக்களின் துயரை உணர்ந்தார் இலர். ஜேம்ஸின் வாழ்வில் இது ஒரு குறையே. உற்ற தொழிலில் கருத்தூன்றியவர்க்கு அத்தொழில் யாருக்குப் பயன்படுகின்றது என்னும் நினைவு மங்கிப்போதல் எக்காலத்தும் உள்ள இடுக்கண்.

இறுதி நாட்கள்

பின்னர் ஜேம்ஸ் ஸ்காட்லாந்துக்கும் அனுப்பப்பட்டார். 1302-இல் லின்லித்கோ என்னுமிடத்தில், கல்லுக்குப் பதில் மரத்தால் அரண் அமைக்கும்படி ஆணை வந்தது. கல்லுக்குப் பணம் போதாமையே காரணம். 1304-இல் ஸ்டிர்லிங் முற்றுகையிலும் அவர் உடனிருந்தார். அப்போது அவர் எழுபதைத் தாண்டியவர். பிளின்ட்டுக்கு அருகிலுள்ள மாஸ்டின் என்னும் பண்ணையின் வருவாயை மன்னன் 1295-இல் அவருக்கு வாழ்நாள் உரிமையாக அளித்திருந்தான். எட்வர்டு மன்னன் 1307-இல் மறைய, 1309-இல் ஜேம்ஸும் மறைந்தார். பியூமாரிஸ் வேலை விட்டு விட்டு நடந்து, 1330-ஐ ஒட்டி நின்றே போயிற்று. அதன் கொத்தளங்கள் எண்ணிய உயரத்தை இன்றுவரை எய்தவில்லை.

மறைந்த பெயர் மீண்ட வரலாறு

ஜேம்ஸின் பெயர் பல நூற்றாண்டுகள் ஏடுகளுக்குள் உறங்கிற்று. 20-ஆம் நூற்றாண்டில் ஆர்னால்டு டெய்லர் என்னும் ஆங்கில வரலாற்றறிஞர் அதனைத் துலக்கினார். இங்கிலாந்தின் கணக்குச் சுருள்களையும் சவாய் நாட்டுக் கணக்குச் சுருள்களையும் அவர் ஒப்பிட்டார். கற்களும் சான்று பகர்ந்தன. கோட்டை மதில்களில் சாரக்கட்டைகளைச் செருகிய துளைகள் வழக்கம்போல் நேர்வரிசையில் இராமல், சாய்ந்தும் சுற்றியும் மேலேறுகின்றன. சவாய்த் தச்சர் சாரம் கட்டும் முறை அது. ஹார்லெக் வாயில் மாடத்துச் சாளரங்களின் வடிவமும் சவாய் நாட்டுச் சிய்யோன் கோட்டைச் சாளரங்களின் வடிவமும் ஒத்திருந்தன. இவற்றைக் கொண்டு இருவேறு நாடுகளில் பணியாற்றிய ஜேம்ஸ் ஒருவரே என அவர் நிறுவினார். பிற்காலத்து ஆய்வாளர் சிலர், திட்டங்கள் அனைத்தும் ஜேம்ஸ் ஒருவர் மூளையில் உதித்தவை அல்ல, ஏனைய தலைமைத் தச்சர்க்கும் மன்னனுக்கும் அதில் பங்குண்டு என்பர். அதுவும் பொருத்தமானதே. கார்நார்வனில் ஹெரிபோர்டு வால்டர் என்னும் தச்சர் நெடுங்காலம் பொறுப்பேற்றிருந்தார்.

நாம் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டுவது ஒன்றுண்டு. மெழுகுவர்த்தி ஒளியில் குளிரில் அமர்ந்து, இன்னாருக்கு இத்தனை நாள், இவ்வளவு கூலி என்று எழுதி வைத்த கணக்கர்கள் இலராயின், ஜேம்ஸும் இலர், அம்புரோசியாவும் இலர், ஹார்லெக்கின் 940 பேரும் இலர். பதிவேட்டில் பெயர் எழுதுவதை உயிரற்ற வேலை என்று சலித்துக்கொள்ளும் இளைஞர்கள் இதனைச் சிந்திப்பாராக.

இன்று காண்பார்க்கு

கோட்டைகள் பின்னாளில் பல கை மாறின. கான்வியை 1401-இல் வேல்ஸ் வீரர் தந்திரமாகப் பிடித்தனர். ஓவைன் கிளின்டூர் என்னும் வேல்ஸ் தலைவன் 1404-இல் ஹார்லெக்கைக் கைப்பற்றி, 1409 வரை தன் இருப்பிடமாகக் கொண்டான். வேல்ஸை அடக்கக் கட்டிய கோட்டை, வேல்ஸின் இளவரசனுக்கே வீடாயிற்று! 17-ஆம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போருக்குப் பின் பிளின்ட்டும் ருத்லானும் இடிக்கப்பட்டன. கான்வியின் கூரையிலிருந்த ஈயமும் பெயர்த்தெடுக்கப்பட்டது. 18-ஆம் நூற்றாண்டு வேல்ஸ் எழுத்தாளர் தாமஸ் பென்னன்ட், கார்நார்வனின் மாண்பை ஒப்புக்கொண்டும் அதனைத் தம் இனத்தின் அடிமைச் சின்னமாகவே கண்டார்.

இருப்புப்பாதையில் உழைக்கும் நமக்கு உவப்பான செய்தி, இக்கோட்டைகளை இன்றும் புகைவண்டியிலேயே சென்று காணலாம் என்பது. செஸ்டரிலிருந்து ஹோலிஹெட் செல்லும் பாதையில் முதலில் பிளின்ட் நிலையம். கோட்டைச் சிதைவுகள் அங்கிருந்து நடக்கும் தொலைவே. பிற கொத்தளங்களினின்றும் தனித்து, தன்னைச் சுற்றி அகழி கொண்ட பருத்த கொத்தளம் ஒன்றை அங்குக் காணலாம். பின்னர் ரில் நிலையத்தில் இறங்கிச் சில மைல் சென்றால் ருத்லான். அடுத்து கான்வி. ராபர்ட் ஸ்டீவன்சன் 1848-இல் முடித்த இரும்புக் குழாய்ப் பாலத்தின் வழியாக வண்டி ஆற்றைக் கடந்து, கோட்டையின் காலடியைத் தொட்டுக்கொண்டு, நகர மதிலுக்குள் நுழைகின்றது. பாலத்தின் முகப்பைக்கூடக் கோட்டை வாயில் போன்றே கட்டியுள்ளனர். மதிலுக்குள் அமைந்த கான்வி நிலையம் 1966-இல் மூடப்பட்டு, 1987-இல் மீண்டும் திறக்கப்பட்டது. மதில் மீது நடந்தால் ஆறும் மலையும் வீட்டுக் கூரைகளும் ஒருங்கே தெரியும்.

கார்நார்வனுக்குச் சென்ற பழைய பாதை 1970-இல் நின்றது. இன்று அங்கிருந்து மலைகளினூடே போர்த்மதோக் வரை, டார்ஜிலிங் பாதையைப் போல ஏறத்தாழ இரண்டடி அகலமே உள்ள சிறு வண்டி ஓடுகின்றது. ஹார்லெக் நிலையமோ கோட்டைப் பாறையின் அடியிலேயே உள்ளது. கடல் விலகிப் போய்விட்டமையால், கப்பல் நின்ற பக்கத்தில் இன்று வண்டி நிற்கின்றது. பியூமாரிஸுக்குப் பாங்கர் நிலையத்தில் இறங்கி, 1826-இல் திறந்த மெனாய்த் தொங்கு பாலத்தைக் கடந்து சாலை வழியே செல்லுதல் வேண்டும். கான்வி, கார்நார்வன், ஹார்லெக், பியூமாரிஸ் ஆகிய நான்கையும் 1986-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றனர்.

நிலைத்தவை எவை?

கோட்டை நகரங்களில் வேல்ஸ் மக்கள் குடியிருத்தல் கூடாது என்பது எட்வர்டு காலத்து விதி. இன்று கார்நார்வன் தெருக்களில் நடப்போர் காதில் விழுவது பெரும்பாலும் வேல்ஸ் மொழியே. கடைக்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் அதிலேயே உரையாடுகின்றனர். நிலையப் பலகைகளிலும் சாலைப் பலகைகளிலும் அம்மொழி ஆங்கிலத்தோடு இடம்பெற்றுள்ளது. ஒரு மொழியினரை வெளியே நிறுத்த எழுந்த மதிலுக்குள், அம்மொழியே குடிபுகுந்து வாழ்கின்றது. வீட்டில் தாய் பேசினாள், பிள்ளை கேட்டது. அதனினும் வலிய அரண் அவர்கட்கு வேறு இருக்கவில்லை.

கட்டுவித்தவன் நோக்கம் அழிந்தது. கட்டியவரின் தொழில் திறம் நின்றது. கணக்கர் எழுதிய பெயர்கள் நின்றன. மக்கள் பேசிய மொழி நின்றது. வெளியூரில் வாழும் நாம் நம் வேலையைச் செம்மையாகச் செய்வோம். நம்மோடு உழைப்போரின் கூலி நிலுவையாகாமல் காப்போம். மாலையில் வீடு திரும்பியதும் நம் மக்களோடு தமிழில் பேசுவோம்.